கவாத்துக்கு மறுநாள்

இரண்டாவது முறை உண்டாகியிருப்பதை ராஜாத்தி முதலில் நர்ஸ் சாராளிடம்தான் சொன்னாள். புருஷன் சுருளிவேலிடம் சொல்லவில்லை. அதே வீட்டில் இருக்கும் அவனுடைய அக்கா மொக்கம்மாளிடமும் சொல்லவில்லை. ஓடைப்பட்டிக்குத் தெற்கே அவர்களுடைய கிணற்றுத் தோட்டத்தில், திராட்சைப் பந்தலுக்கு அடியில், வேண்டாத துளிர்களைக் கிள்ளிக்கொண்டிருந்தபோது சொன்னாள்.

எண்பத்தைந்தாம் வருஷத்து ஆடி மாதக் கடைசி. மேற்கேயிருந்து இறங்கிய காற்று பந்தலுக்கு மேலே கம்பிகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. கீழே, தலை இலையில் இடிக்கும் உயரத்தில், நிழலும் வெக்கையும் அசையாமல் நின்றன. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்த மருந்து இலைகளில் நீலமாகக் காய்ந்திருந்தது.

சாராள் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ். தேனி பஜாரில் கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். பத்து வருஷமாக ஓடைப்பட்டியில் குடியிருந்தாள். ராஜாத்தியின் மகள் வீருசின்னுவுக்குச் சளி என்று கேள்விப்பட்டு மருந்து கொண்டுவந்திருந்தாள்.

"தள்ளிப்போச்சுக்கா," என்றாள் ராஜாத்தி, கையிலிருந்த துளிரைப் பார்த்துக்கொண்டே.

"கடைசியா எப்பக் குளிச்ச?"

"கவாத்துக்கு மறுநா."

"அவுகளுக்குத் தெரியுமா?"

"சொல்லல. சொன்னா மதுரைக்குப் போகணும்பாக. மதுரைன்னாலே எனக்குப் பயமா இருக்கு."

அந்தப் பக்கத்துப் பெண்கள் நாள் கணக்கைக் காலண்டரில் வைத்துக்கொள்வதில்லை. கொடியை வெட்டிவிடுகிற கவாத்து, அதற்குப் பிறகு பூ, கடைசியில் பழம் வெட்டு. இவற்றை வைத்துத்தான் எதையும் சொல்வார்கள். சாராளுக்கும் அது பழகிப்போயிருந்தது. அவள் குனிந்தபடியே பந்தலை விட்டு வெளியே வந்து கிணற்றடிக்குப் போனாள். அங்கே சுருளிவேல் பீப்பாயில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, கவாத்து என்னைக்கி வெட்டுனீக?"

"ஆனி ஒம்பது. எதுக்கு நர்சம்மா, பழம் வேணுமா? இன்னும் ரெண்டு மாசம் கெடக்கே."

சாராள் விரல் விட்டு எண்ணி, தன் நோட்டில் ஜூன் இருபத்து நான்கு என்று எழுதிக்கொண்டாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள்.

கலக்கிக்கொண்டிருந்த கம்பு நின்றது. சுருளிவேலின் முகத்தில் சிரிப்பு வரவில்லை. கையில் ஒட்டியிருந்த நீலத்தை வேட்டியில் துடைத்துவிட்டு, "அப்பப் பதினாறு வாரம் எப்ப வருது?" என்று மட்டும் கேட்டான்.

அவன் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது.

வீருசின்னு பிறந்தபோது பூசணிப் பிஞ்சு போலிருந்தாள். வந்தவர்களெல்லாம் அழகு என்றார்கள். ஒரு வயசாகியும் கழுத்து நிற்கவில்லை. மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த டாக்டரம்மா பிள்ளையை நெடுநேரம் பார்த்தாள், ரத்தம் எடுத்து அனுப்பினாள், ஒன்றரை மாதம் கழித்து அழைத்துச் சொன்னாள்.

"ஒவ்வொருத்தர் உடம்புலயும் அணுவுக்குள்ள நாப்பத்தாறு இழை இருக்கும். இவளுக்கு ஒண்ணு கூட இருக்கு. நாப்பத்தேழு. இது யாரும் செஞ்ச தப்பு இல்ல. மருந்தால மாறுறதும் இல்ல."

'ஒண்ணு கூட' என்பதைச் சுருளிவேல் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். குறை என்று யார் சொன்னாலும், குறை இல்லை, கூடுதல் என்பான். டீக்கடையில் ஒருவர், "கூட இருந்தா நல்லதுதானப்பா, அப்புறம் ஏன் பேச்சு வரல?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு வந்தான். அன்று இரண்டு வேளை அவன் சாப்பிடவில்லை.

டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தாள். அடுத்தது உண்டானால் பதினாறாவது வாரத்தில் வரவேண்டும். வயிற்றில் ஊசி போட்டு, பிள்ளையைச் சுற்றியிருக்கும் நீரைக் கொஞ்சம் எடுத்துப் பம்பாய்க்கு அனுப்பினால், அந்தக் கூடுதல் இழை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பதில் வர நாலு வாரம் ஆகும். இருந்தால் இருபது வாரத்துக்குள் கலைத்துவிடலாம், சட்டம் விடும். ஊசியால் நூற்றில் ஒரு பிள்ளை தங்காமல் போவதும் உண்டு.

அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்கு மொக்கம்மாள் கேப்பைக்களி கிண்டி, கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அவள் கணவனை இழந்து தம்பி வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷம். விஷயத்தைக் கேட்டதும் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ஏலே, தண்ணிய எடுத்துட்டா உள்ள இருக்குறது என்னத்துல நீந்தும்?"

"கொஞ்சந்தாங்க்கா எடுப்பாக."

"பம்பாய்க்காரன் மோந்து பாத்துச் சொல்லுவானாக்கும்."

"மெஷின்ல பாப்பாகக்கா. பாத்துக் கடுதாசி போடுவாக."

"கடுதாசில என்ன எழுதியிருக்கும்?"

"நல்ல பிள்ளையா இல்லையான்னு."

"இல்லைன்னு வந்தா?"

சுருளிவேல் களியைப் பிட்டுக் குழம்பில் தோய்த்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. வீருசின்னு அவன் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்து, உருண்டையை இரண்டு கையாலும் பிடித்துத் தின்றுகொண்டிருந்தாள். ஐந்து வயசு. நடக்க ஆரம்பித்து இரண்டு வருஷம். 'மா', 'அத்த', 'கா' என்று மூன்று சொல் வரும்.

"நாம போன பெறகு இவள யாரு பாப்பா?" என்றான் அவன். "அதச் சொல்லுக்கா மொதல்ல. நானும் தெனம் படுத்துக்கிட்டு யோசிக்கிறேன். ஒண்ணுக்கே பதில் தெரியல. இன்னொண்ணும் இப்படி வந்துட்டா?"

"இவ வயித்துல இருந்தப்ப அந்தக் கடுதாசி வந்திருந்தா என்ன செஞ்சிருப்பீக?" என்று ராஜாத்தி கேட்டாள்.

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. பயந்துதான் கேட்டாள். மொக்கம்மாள் வீருசின்னுவின் வாயைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் துணி துவைக்கும் கல்லில் வைத்து மொக்கம்மாள் வேறு ஒன்றைச் சொன்னாள்.

"ராசாத்தி, அஞ்சு வருசமா எனக்கு ஒண்ணு நெஞ்சுல கெடக்கு. இவ வயித்துல மூணு மாசம். ஆளு வரலன்னு ஒன்னைய மருந்து கலக்கச் சொன்னேன்ல. அந்த நாத்தம் ஒனக்கு ஒத்துக்கிறலன்னு நீ சொன்ன. நடிக்கிறான்னு நெனச்சேன். அதுனாலதான் இவ இப்படி ஆயிட்டாளோ என்னமோ."

"அப்படியெல்லாம் இருக்காது மதினி."

"ஒனக்கு என்ன தெரியும்?"

ராஜாத்திக்குத் தெரியாதுதான். ஆனால் அதைச் சாராளிடம் சொன்னாள். இரண்டு நாள் கழித்துச் சாராள் புளி கேட்கிற சாக்கில் வீட்டுக்கு வந்தாள். அதையும் இதையும் பேசிவிட்டு, "மொக்கம்மாக்கா, மயில்துத்தத்தால இழை கூடுறதில்லைன்னு டாக்டரம்மா அன்னைக்கே சொல்லிட்டாக. கரு தங்குற அன்னைக்கே எழுதிப்போறது அது. மூணாம் மாசத்து மருந்து அதுகிட்டப் போக முடியாது," என்றாள். மொக்கம்மாள் புளியைக் கூடவே ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். சாராளின் அடுக்களையில் புளி நிறையவே இருந்தது.

கிணற்றுத் தோட்டத்தைத் தவிர அவர்களுக்கு ஊருக்கு மேற்கே இன்னொரு தோட்டமும் இருந்தது. குத்தகைக்கு எடுத்தது, மேலத் தோட்டம் என்பார்கள். ஆவணிக் கடைசியில் அங்கே பன்னீர் திராட்சை வெட்டினார்கள். ராஜாத்தி கூடைகளை நிழலுக்குக் கொண்டுவந்து, சொத்தைப் பழத்தைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். கூடை ஒன்றைப் பின்னுக்குத் தள்ளக் குனிந்தபோது, உள்ளேயிருந்து யாரோ விரல் நுனியால் ஒரு தட்டுத் தட்டியது போலிருந்தது. அப்படியே நின்றாள். சிறிது நேரம் கழித்து இன்னொரு தட்டு.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. நேற்றுவரை அது ஒரு பயம் மட்டும்தான். இப்போது அது ஓர் ஆள். அந்த ஆளுக்குத்தான் ஊசி காத்திருந்தது. அன்றிலிருந்து உட்காரும்போதும் நடக்கும்போதும் அவள் கை தானாக வயிற்றுக்கு மேலே போய் நின்றது, வெயிலுக்குக் கண்ணை மறைப்பது போல.

புரட்டாசியில் சாராள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். சுகாதார நிலையத்துக் கர்ப்ப அட்டையில் அவள் எழுதியிருந்த நாளுக்கு வயிறு கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. இரண்டாவது பிள்ளைக்கு வயிறு சீக்கிரம் தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மதுரைக்குப் போகவேண்டிய நாள் புரட்டாசி இருபத்தெட்டு. கிணற்றுத் தோட்டத்தில் பழம் கருத்துத் தொங்கியது. அன்றைக்கு வெட்டுவதாக இருந்தார்கள். ஹைவேவிஸ் மலைக்கு மேலே மேகம் குவிந்துகொண்டிருந்தது. முற்றின பழத்தில் மழை விழுந்தால் தோல் வெடித்துவிடும். சுருளிவேல் வாசலில் நின்று மலையையே பார்த்தான். கவாத்து வெட்டும் ராக்கையா தோளில் துண்டோடு வந்தார்.

"கெளம்பு மாப்ள. மலையப் பாத்துக்கிட்டு நின்னா மழை வெக்கப்பட்டுப் போயிருமா? பழத்த நான் பாத்துக்கிறேன்."

"பத்துப் பேராவது வேணும் மாமா."

"பத்துப் பேருக்கு ஒங்கக்கா ஒருத்தி போதும்."

"என்னைய எதுக்கு இழுக்குறீக?" என்றாள் மொக்கம்மாள் உள்ளேயிருந்து. "எட்டிப் பறிக்கத் துப்பில்லாட்டியும் வாயி மட்டும் பந்தல் ஒசரத்துக்கு."

முதல் பஸ்ஸில் கிளம்பினார்கள். வீருசின்னு தாயை விட்டு இருக்கமாட்டாள் என்று அவளையும் கூட்டிக்கொண்டார்கள். சாராள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். சின்னமனூரில் மாறி, தேனி வழியாக மதுரை போகும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. ராஜாத்தியின் உள்ளங்கை சில்லிட்டிருந்தது. அதைச் சாராள் தன் மடியில் எடுத்து வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

சுருளிவேல் முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தான். அவள் பயத்தைக் குறைக்க எதையாவது பேசவேண்டும் என்று நினைத்தான் போலிருக்கிறது.

"பாத்தியா புள்ள. கிணத்துத் தோட்டம் கவாத்து வெட்டி இன்னைக்கி சரியாப் பதினாறு வாரம். இன்னைக்கித்தான் பழமும் வெட்டுறோம். கொடிக்கும் ஒனக்கும் ஒரே கணக்கு."

ராஜாத்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். வீரபாண்டி ஆற்றுப் பாலம் கடந்துபோனது. மாரியம்மன் கோவில் கோபுரத்தைப் பார்த்துச் சுருளிவேல் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அவளுக்குக் கை எழவில்லை.

அவள் சொன்ன கவாத்து கிணற்றுத் தோட்டத்துக் கவாத்து அல்ல. மேலத் தோட்டத்துக் கவாத்து. அதற்கு மறுநாள்தான் அவள் தலை முழுகிவிட்டு, வெட்டிப் போட்ட குச்சிகளை விறகுக்குக் கட்டிக்கொண்டு வந்தாள். கிணற்றுத் தோட்டத்துக் கவாத்து வந்தபோது நாள் தள்ளிப்போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. சாராள் கிணற்றடியில் நின்றுகொண்டு கேட்டதும், சுருளிவேல் தான் நிற்கிற தோட்டத்தின் நாளைச் சொன்னதும் அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. மேலத் தோட்டத்தில் பழம் வெட்டி ஒரு மாதம் ஆகிவிட்டது.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். சொன்னால், வேண்டுமென்றே மறைத்தாள் என்பான். சொன்னால் ஊசி இல்லாமல் போகலாம். ஊசி இல்லையென்றால் பிள்ளை பிறக்கிற நாள்வரை இந்தப் பயத்தைச் சுமக்கவேண்டும். ஒருவேளை ஊசியைப் போட்டு, நல்ல பிள்ளைதான் என்று கடுதாசி வந்துவிட்டால்? அவளுக்கும் அந்த ஆசை இருந்தது. ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் வளைந்து வளைந்து ஏறியது. அவள் இரண்டு பக்கமும் பயந்துகொண்டு, வாய் திறக்காமல் வந்தாள்.

ஆஸ்பத்திரி கூடத்தில் பெஞ்சு நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வீருசின்னுவைப் பார்த்ததும் சிலர் பார்வையை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் தன் முந்தானையால் வயிற்றை மூடிக்கொண்டாள். ராஜாத்திக்கு அது பழக்கம்தான். ஆனாலும் அன்றைக்கு அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். நிறைமாதம். மடியில் பன்னைப் பிரித்து வைத்திருந்தாள். வீருசின்னு அவள் முன்னால் போய் நின்று அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். யாரைப் பிடித்தாலும் அவள் செய்கிற காரியம் அது. அந்தப் பெண் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மூக்குச் சளியைத் தன் சேலையாலேயே துடைத்துவிட்டு, பன்னில் பாதியைக் கொடுத்தாள்.

"ஏத்தா, ஒனக்குத் தம்பி வேணுமா, தங்கச்சி வேணுமா?"

"கா," என்றாள் வீருசின்னு.

"காக்கா வேணுமாக்கும். சரி, ஆத்தாகிட்டச் சொல்லி ரெண்டு காக்கா பெத்துத் தரச் சொல்லு."

கூடத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். வீருசின்னுவும் சிரித்தாள். வயிறு தெரிய ஆரம்பித்து இத்தனை நாளில், இந்தக் கேள்வியை அந்தப் பிள்ளையிடம் கேட்டவர்கள் யாரும் இல்லை. அண்டை வீட்டார் கேட்கவில்லை, பெற்றவளே கேட்கவில்லை. ராஜாத்தி எழுந்து, ஓரமாக நின்றிருந்த சுருளிவேலிடம் போனாள். சாராளும் அங்கேதான் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இங்கருங்க. நான் சொன்ன கவாத்து மேலத் தோட்டத்துக் கவாத்து."

அவனுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. உதடு அசைய எண்ணினான். "வைகாசி அஞ்சு. அப்படின்னா அஞ்சு வாரம் கூட."

"ஆமா."

சாராள் அட்டையால் வாயை மூடிக்கொண்டாள். "நான்தாந் தம்பி. எந்தத் தோட்டம்னு கேக்கலயே. கிணத்தடியில நின்னுக்கிட்டுக் கேட்டேன், நீங்க சொன்னீக, எழுதிட்டேன். வயிறு பெருசாத் தெரிஞ்சப்பவாவது கேட்டிருக்கணும்."

"ஒனக்கு எப்பத் தெரியும்?" என்று அவன் ராஜாத்தியைக் கேட்டான்.

"பஸ்ஸுல. நீங்க பதினாறு வாரம்னு சொன்னப்ப."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"நான் வேணும்னே செஞ்சேன்னு நெனப்பீகன்னு பயம்."

அவன் தரையைப் பார்த்தான். "நெனச்சிருப்பேன்தான்," என்றான் கடைசியில். பிறகு அட்டையைச் சாராளிடமிருந்து வாங்கி, தன் சட்டைப் பையிலிருந்த பேனாவால் தேதியை அடித்துத் திருத்தினான். எழுத்து கோணலாக விழுந்தது.

டாக்டரம்மா ஸ்கேன் மெஷினில் பார்த்தாள். சின்னப் பெட்டியில் கறுப்பும் வெள்ளையுமாகப் புகை போல அசைந்தது. அவள் அளந்துவிட்டு, "இருபத்தோரு வாரம்," என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இப்ப ஊசி போட்டா, பதில் வாரப்ப இருபத்தஞ்சு வாரம் ஆயிரும். அப்ப ஒண்ணும் செய்யச் சட்டம் விடாது. நானும் செய்யமாட்டேன். தெரிஞ்சுக்கிறதுக்கு மட்டும்னா எடுக்கலாம். ஆனா ஊசியில இருக்கிற ஆபத்து அப்படியேதான் இருக்கும்."

"என் ரத்தத்துல பாக்க முடியாதாம்மா?" என்று ராஜாத்தி கேட்டாள். "கையில எத்தன ஊசின்னாலும் போடுங்க. எனக்குப் பயமில்ல. வயித்துக்குள்ளதான் வேண்டாம்."

டாக்டரம்மா அவளைப் பார்த்தாள். "தாய் ரத்தத்துல பிள்ளையப் பாக்குற வித்தை இன்னும் வரலம்மா. எங்கெங்கயோ தேடிக்கிட்டுத்தான் இருக்காங்க. ஒரு காலத்துல வரும். இந்தப் பிள்ளைக்கு வராது."

"இந்தப் படத்துல தெரியாதா?"

"கை, கால், இதயம் தெரியுது. நல்லா இருக்கு. அந்த ஒரு இழை இதுல தெரியாது. நூத்துக்குத் தொண்ணுத்தொம்பது பேருக்கு ரெண்டாவது பிள்ளை நல்லாத்தான் பொறக்கும்."

"மொதத் தடவையும் ஆயிரத்துல ஒண்ணுன்னு சொன்னீக," என்றான் சுருளிவேல். "அந்த ஒண்ணு எங்க வீட்டுக்குத்தானம்மா வந்துச்சு."

டாக்டரம்மா மேஜைக்கு அடியில் புகுந்திருந்த வீருசின்னுவை வெளியே இழுத்து மடியில் வைத்து, ஸ்டெதஸ்கோப்பை அவள் காதில் மாட்டினாள். அவள் நெஞ்சின் சத்தத்தையே அவளுக்குக் கேட்கவைத்தாள். பிள்ளை வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது. கணவனும் மனைவியும் ஒரு முடிவுக்கு வரும்வரை அவர்களை யாரும் அவசரப்படுத்தவில்லை.

"நீ சொல்லு," என்றான் சுருளிவேல்.

"வேண்டாங்க."

அவன் தலையை ஆட்டினான். முகத்தில் நிம்மதி வரவில்லை. கதவு ஒன்று அடைபட்டுவிட்டதைப் பார்த்துக்கொண்டு நிற்பவனைப் போலிருந்தான்.

திரும்பி வரும்போது தேனியிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஓடைப்பட்டியில் இறங்கியபோது பொழுது சாயும் நேரம். சுருளிவேல் வீட்டுக்குப் போகாமல் நேராகத் தோட்டத்துக்கு ஓடினான். பந்தலில் ஒரு குலை இல்லை. மோட்டார் அறைக்குள் பெட்டிகளில் வைக்கோல் போட்டுப் பழத்தை அடுக்கியிருந்தார்கள். ராக்கையா ஈரத் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"ஒங்கக்கா பேசுன பேச்சுக்கு மழையே ஒரு மணி நேரம் தள்ளி நின்னுச்சு மாப்ள. தெருவுல போன நல்லகண்ணு வாத்தியாரக்கூட விடல. கத்திரியக் கையில குடுத்துட்டா."

சுருளிவேல் ஒரு பெட்டியைத் தூக்கி, இருந்த இடத்திலேயே மறுபடி வைத்தான்.

வீட்டில் மொக்கம்மாள், "ஊசி போட்டாகளா?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. கவாத்து மாறிப்போச்சு." நடந்ததைச் சொன்னான்.

மொக்கம்மாள் ஏசுவாள் என்று ராஜாத்தி ஒடுங்கி நின்றாள். மொக்கம்மாள் அடுப்பிலிருந்து வெந்நீரை இறக்கி அவள் காலில் ஊற்றினாள். "நனஞ்சுபோய் நிக்கிற. சேலைய மாத்து. ரசம் வச்சிருக்கேன்," என்றாள்.

அதற்குப் பின் வந்த நாலு மாதமும் அந்த வீட்டில் பயம் ஒரு விருந்தாளியைப் போலத் தங்கியிருந்தது. சுருளிவேல் மகளின் முகத்தைப் பார்ப்பான், உடனே ராஜாத்தியின் வயிற்றைப் பார்ப்பான், பிறகு வெட்கப்பட்டு எழுந்து போய்விடுவான். சில நாள் ராஜாத்திக்கே, ஊசியைப் போட்டிருக்கலாமோ என்று தோன்றும். தோன்றிய நாளெல்லாம் அவள் வீருசின்னுவை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் குளிப்பாட்டினாள். ஊரில் இருவர், விஷயம் தெரிந்து, பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டே பரிதாபப்பட்டுப் போனார்கள். மொக்கம்மாள் அவர்களுக்குக் காப்பி கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் முடிந்து சாராள் வந்து உட்காருவாள். பிள்ளையின் துடிப்பைக் கேட்பாள். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் கண்ணை மூடியிருப்பாள்.

"என்னக்கா வேண்டிக்கிறீக?" என்று ராஜாத்தி ஒருநாள் கேட்டாள். "நல்ல பிள்ளையாப் பொறக்கணும்னா, எப்படிப் பொறந்தாலும் நாங்க நல்லா வச்சுக்கிறணும்னா?"

"ரெண்டையுந்தான் கேக்குறேன்," என்றாள் சாராள். "குடுக்குறவருக்கு என்ன கஷ்டம். எதுக்கு ஒண்ண விடணும்?"

ராஜாத்தி பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள்.

மாசி மாதம் ஒரு விடிகாலையில் வலி எடுத்தது. சின்னமனூருக்கு வண்டி பிடிக்க நேரமில்லை. ஊரிலிருந்த சுகாதார நிலையத்துக்கே கொண்டுபோனார்கள். வெயில் ஏறுவதற்குள் பெண் குழந்தை பிறந்தது.

குழந்தையை உச்சி முதல் பாதம் வரை பார்த்துவிட்டு, "எல்லாப் பிள்ளைகளும் மாதிரித்தான் இருக்கு தம்பி, மதுரைக்குப் போக வேண்டியதில்ல," என்று சாராள் சொன்னது அன்று சாயங்காலம்தான். அதைக் கேட்டு அந்த வீட்டார் எப்படி இருந்தார்கள் என்பதை யாரும் ஊகித்துக்கொள்ளலாம். காலையில் நடந்ததைத்தான் சொல்லவேண்டும். காலையில் அது ஒருவருக்கும் தெரியாது.

குழந்தை வீரிட்டு அழுதது. சாராள் துடைத்து, துணியை விலக்கி, முகத்தைப் பார்ப்பதற்காக ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். அறையில் வேறு சத்தம் இல்லை. மொக்கம்மாள் வெந்நீர்ப் பாத்திரத்தைப் பிடித்தபடி கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். சூடு கையைச் சுட்டும் அவள் கீழே வைக்கவில்லை. ராஜாத்தி தலையைத் தூக்கி, சாராளின் முதுகைப் பார்த்தாள். அவள் வாழ்நாளில் எந்த நிமிஷத்திலும் அவ்வளவு பயந்ததில்லை.

"குடுங்கக்கா," என்றாள்.

"செத்த இரு ஆத்தா. பாத்துட்டுத் தாரேன்."

"பெறகு பாத்துக்கலாம். பசியில அழுகுதுல்ல."

சாராள் ஜன்னலருகில் ஒரு கணம் நின்றாள். இன்னும் ஓர் அடி நகர்ந்தால் வெளிச்சம் முழுதாக முகத்தில் விழும். அவள் நகரவில்லை. விலக்கிய துணியை மறுபடி சுற்றி, திரும்பி வந்து, குழந்தையைத் தாயின் பக்கத்தில் கிடத்தினாள்.

வெளியே வேப்பமரத்தடியில் சுருளிவேல் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே அழுகை சட்டென்று நின்றது. அவன் எழுந்துவிட்டான். மொக்கம்மாள் வாசலுக்கு வந்தாள்.

"என்னக்கா? அழுகை நின்னுபோச்சு."

"பொட்டப்புள்ள."

"எப்படி இருக்கு?"

"பால் குடிக்குது."

"அது இல்லக்கா. எப்படி இருக்குன்னு..."

"பால் குடிக்குதுங்கறேன்ல. கண்ணால பாத்துட்டுத்தான வாரேன்." மொக்கம்மாள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "உள்ள போ. பெரியவளையும் தூக்கிட்டுப் போ. அக்கா யாருன்னு அதுக்குக் காட்டணும்ல."

சுருளிவேல் அதற்குமேல் கேட்கவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனான்.